யாக்கி மக்களின் மானாட்டம்

சொனோரா என்னும் பெயர் நம் நாட்டு உழவர்களுக்கும் வேளாண்மை பயிலும் மாணவர்களுக்கும் புதிதன்று. 1966-ஆம் ஆண்டில் இந்திய அரசு மெக்சிக்கோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. எல்லாம் குட்டைப் பயிராக வளரும் இரகங்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘சொனோரா 64’. அதன் மணி செந்நிறமாக இருந்தது. நம் மக்களுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவருடன் உழைத்தவர்களும் தில்லி ஆராய்ச்சி நிலையத்தில் அவ்விதைக்குக் காமாக் கதிர் பாய்ச்சி, பொன்னிற மணி தரும் ‘சர்பதி சொனோரா’ என்ற இரகத்தைப் பெற்றார்கள். பஞ்சத்தின் வாயிலில் நின்ற நாட்டுக்குச் சோறிட்ட கதை அது. பலரும் அறிந்ததே.

அந்தச் சொனோரா, மெக்சிக்கோவின் வடமேற்கு மூலையில் உள்ள மாநிலம். அதன் வட எல்லைக்கு அப்பால் இருப்பது அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த அரிசோனா. சொனோராவின் தென்பகுதியில் பாய்வது யாக்கி ஆறு. அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில்தான் நார்மன் போர்லாக் தம் கோதுமைகளை விதைத்துத் தேர்ந்தெடுத்தார். ஆற்றோடு பெயரைப் பகிர்ந்துகொண்ட ஒரு மக்கட் கூட்டம் அங்கே உண்டு. உலகம் அவர்களை யாக்கிகள் என்கிறது. அவர்கள் தங்களை ‘யோயெமே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். நமக்கு விதை வந்த கதையை அறிந்த அளவுக்கு, அவ்விதை விளைந்த மண்ணுக்கு உரியவர்களை நாம் அறிந்தோமில்லை. அவர்களுடைய ஆட்டம் ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.

மான் வேடம் புனைந்து ஆடும் ஆட்டம் அது. யாக்கி மொழியில் மானுக்கு ‘மாசோ’ என்று பெயர். ஆடுகிறவரையும் மாசோ என்றே அழைக்கிறார்கள். மேலுடம்பில் ஆடை இல்லை. இடுப்பில் கட்டிய துணி முழங்கால் அளவு தொங்கும். அதன்மேல், மானின் குளம்புகள் கோத்த அரைக்கச்சை. தலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கண்ணுக்கு மேல் தாழ இறக்கிக் கட்டி, அதன் உச்சியில் பதப்படுத்திய மான் தலை ஒன்றைப் பொருத்தியிருப்பார். கொம்புகளில் பூக்களும் வண்ண நாடாக்களும் சுற்றியிருக்கும். இரு கைகளிலும் சுரைக் குடுக்கையால் ஆன கிலுகிலுப்பைகள். கணுக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றிய நீண்ட சரம் ஒன்று ஒவ்வொரு காலிலும் உண்டு. நம் ஊர்ச் சதங்கை நினைவுக்கு வரும்; ஆனால் அதில் உலோகம் இல்லை. அந்நிலத்துப் பெரிய அந்துப்பூச்சி ஒன்றின் கூடுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றினுள்ளும் சிறு கற்களை இட்டு, வரிசையாகத் தைத்துச் செய்வது. கால் மெல்ல அசைந்தாலும், சருகின்மேல் ஏதோ ஓர் உயிர் நடந்து வருவது போன்ற சரசரப்பு எழும். மான் நின்று காது கொடுக்கும்போது அந்த ஒலியும் நின்றுவிடும்.

பாடுகிறவர்கள் மூவர், தரையில் அமர்ந்திருப்பார்கள். இருவர், பல் வெட்டிய நீண்ட குச்சியின் ஒரு முனையைக் கவிழ்த்த சுரைக் குடுக்கையின்மேல் ஊன்றி, வேறொரு குச்சியால் உரசிக்கொண்டிருப்பர். மூன்றாமவர் முன் ஒரு நீர்ப் பாத்திரம். அதில் பாதிச் சுரைக் குடுக்கை ஒன்று கவிழ்ந்து மிதக்கிறது. அதனைச் சிறு கோலால் தட்டுகிறார். நம் ஜலதரங்கத்தில் நீர் கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கிறது. இங்கே பறையே நீரின்மேல் மிதக்கிறது. உரசும் குச்சியின் ஒலி மானின் மூச்சென்றும், நீர்ப் பறையின் ஒலி மானின் நெஞ்சத் துடிப்பென்றும் கூறுவார்கள்.

இவ்வளவும் மானுக்கு மட்டும். மானோடு கூட ஆடும் ‘பாஸ்கோலா’க்கள் என்போர் உண்டு. விழாக் கிழவர் என்று அச்சொல்லுக்குப் பொருள். மர முகமூடியை அவர்கள் ஒருபோது முகத்தில் அணிவர். வேறொருபோது பின்தலைக்குத் தள்ளிவிடுவர். பிடிலும் யாழ் போன்ற ஹார்ப்பும் ஒலிக்கும்போது ஒரு முறை, குழலும் சிறு பறையும் ஒலிக்கும்போது வேறு முறை. குழலையும் பறையையும் ஒருவரே ஒரே வேளையில் வாசிக்கிறார். பாஸ்கோலாக்கள் கேலி பேசுவார்கள், கதை சொல்லுவார்கள், விழாவுக்கு வந்தவர்களைச் சிரிக்க வைப்பார்கள்; மானையும் சீண்டுவார்கள். மான் சிரிப்பதில்லை. இரவு முழுவதும், விடியும் வரையில் இந்த ஆட்டம் நடைபெறும்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மான் ஆட வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் பல ஆண்டுகள் பயின்றவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் இல்லையானால் இரவு நடவாது. இந்தச் சிறு கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பின்னர்ச் சொல்லப்போகும் செய்திகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இனி, அவர்கள் பாடுவது யாது? மான் கண்டது, மான் கேட்டது, மான் நடந்த வழி, புதர், மழை, மலர் ஆகியவையே பாட்டின் பொருள். மானை அவர்கள் தம்பி என்று விளிக்கிறார்கள். வேட்டையாடி உண்ணும் விலங்கைத் தம்பி என்றழைத்து, அதன் வாயாலேயே பேசும் பாட்டுகள் அவை. அவற்றின் சொற்களும் அன்றாடப் பேச்சுச் சொற்கள் அல்ல. நம்மிடம் செய்யுள் வழக்கு, உலக வழக்கு என்று இரண்டிருப்பது போல், மானின் பாட்டுக்கென ஒரு சொல் வழக்கு அம்மொழியில் இருக்கிறது. யாக்கி மொழியை வீட்டில் பேசி வளர்ந்த இளைஞனும் அதைத் தனியே கற்றாக வேண்டும்.

பாட்டின் இறுதிப் பகுதி பெரும்பாலும் பூக்கள் நிறைந்த வேறோர் உலகைச் சுட்டும். பூவுலகு என்றால் தமிழில் நாம் வாழும் இந்த மண்ணுலகம். யாக்கிகளின் பூவுலகு கிழக்கே, விடியலுக்கு அடியில் இருக்கிறது. மான் அங்கிருந்து வருகிறது. அவர்களுக்கு மலர் வெறும் அழகுப் பொருளன்று. பட்ட துன்பத்தின், செய்த தொண்டின் பயனையும் மலர் என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். சிலுவையில் சிந்திய குருதி நிலத்தில் வீழ்ந்து மலர்களாயிற்று என்பது அவர்கள் நம்பிக்கை.

சிலுவை இங்கே எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். 1533-இல் ஸ்பானியப் படையொன்று முதன்முதலாக யாக்கி நிலத்தை அடைந்தது. அப்போது முதியவர் ஒருவர் முன்வந்து, தம் வில்லால் தரையில் ஒரு கோடு கீறி, இதனைத் தாண்டினால் உயிரோடு போகமாட்டீர்கள் என்று எச்சரித்ததாக ஸ்பானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னர், 1609-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த படைகளையும் யாக்கிகள் தோற்கடித்தார்கள். வென்ற பிறகே சமாதானம் செய்துகொண்டு, இயேசு சபைக் குருக்களைத் தாங்களாக அழைத்தார்கள். 1617-இல் குருக்கள் வந்தனர். சிதறிக் கிடந்த குடியிருப்புகள் எட்டு ஊர்களாயின. வென்றவன் திணித்த சமயமாக அது வரவில்லை. ஆதலால் மானும் வெளியேறவில்லை, சிலுவையும் அந்நியமாக நிற்கவில்லை. தவக்காலச் சடங்குகளுக்குள் மான் இடம்பெற்றது. இதனைக் கலப்படம் என்று எழுதிய அறிஞர்களும் உண்டு. பொருந்தாத இரண்டு சேர்ந்தாலன்றோ கலப்படம்? இங்கே இரண்டும் மலரில் பொருந்தியிருக்கின்றன.

வில்லால் கீறிய கோடு ஒன்றிருக்க, வேறொரு கோடு பின்னர் வந்தது. 1853-ஆம் ஆண்டின் இறுதியில் செய்த ஓர் உடன்படிக்கையால் மெக்சிக்கோ தன் வட நிலத்தின் ஒரு பகுதியை அமெரிக்காவுக்கு விற்றது. 1854-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைய சொனோராவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவே எல்லை அமைந்தது அப்போதுதான். யாக்கி ஆறு அதற்கு வெகு தெற்கே இருந்தமையால் முதலில் அவர்களுக்கு அது பெரிய செய்தியன்று. வடக்கே சுரங்கத்திலும் வயலிலும் வேலை செய்யப் போவதும், திரும்பி வருவதும் வழக்கமாகவே இருந்தன.

கோடு அவர்களுக்கு உயிர்ச் செய்தியானது போர்ஃபிரியோ டியாஸ் மெக்சிக்கோவை ஆண்ட காலத்தில். யாக்கிப் பள்ளத்தாக்கின் வளமான மண்ணின்மேல் கண் வைத்தவர்கள் பலர். எதிர்த்து நின்ற தலைவன் காஹெமே 1887-இல் சுட்டுக் கொல்லப்பட்டான். 1900-ஆம் ஆண்டு சனவரியில் மாசோகோபா மலையில் பெண்டிரும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின் தொடங்கிற்று நாடு கடத்தல். குவாய்மாஸ் துறைமுகத்தில் கப்பலேற்றி, பின்னர் மலைவழியே நடத்தி, இரயிலேற்றி, மறுபடியும் கப்பலேற்றி, நாட்டின் மறுகோடியாகிய யுக்கட்டானுக்கு ஆயிரக்கணக்கான யாக்கிகளைக் கொண்டுசென்றார்கள். அங்கே நார்க் கற்றாழைத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்கள். முதல் ஆண்டிலேயே மடிந்தவர் பலர். அந்த நார் எதற்கென்று நினைக்கிறீர்கள்? அமெரிக்க வயல்களில் இயந்திரம் அறுத்த கோதுமைக் கதிரைக் கட்டும் கயிறு திரிக்க! யாக்கிகளின் வாழ்வில் கோதுமை இப்படி ஒருமுறை குறுக்கிட்டது. இரண்டாம் முறை குறுக்கிட்ட வகையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

பிடிபடாதவர்கள் வடக்கே ஓடினார்கள். பாலைவழியே நடந்து எல்லையைக் கடந்து, டூசான் நகரின் ஓரத்திலும், பீனிக்ஸ் நகருக்கு அருகிலும், இருப்புப் பாதை வேலைக் குடிசைகளிலும் ஒண்டினார்கள். யாக்கி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்னும் அச்சத்தால், பெயரையும் மொழியையும் மறைத்து மெக்சிக்கக் கூலிகள் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள். 1918 சனவரியில் கூட, எல்லையருகே அமெரிக்கக் குதிரைப்படைக்கும் யாக்கி வீரர் சிலருக்கும் துப்பாக்கிச் சண்டை நிகழ்ந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அவர்கள் முகத்தை வெளியே காட்டிய முதல் இடம் எது? தவக்காலச் சடங்கு. சில ஆண்டுகள் அடங்கியிருந்த பின், யாரும் ஐயுறாத அளவு பாதுகாப்பு வந்ததெனத் தெரிந்ததும், அரிசோனா மண்ணில் அவர்கள் செய்த முதல் பொதுச் செயல்களுள் ஒன்று பாஸ்கா விழாவை எடுத்ததுதான். 1921-இல் டூசான் அருகே அமைந்த ஊருக்குப் ‘பாஸ்குவா’ என்றே பெயர் வைத்தார்கள். நம் நாட்டுக் கத்தோலிக்கர் பாஸ்கா என்று வழங்கும் சொல்லின் உடன்பிறப்பே அது.

சிதறியவர்களுள் பாடகர் எங்கோ, பறை கொட்டுகிறவர் எங்கோ, பாஸ்கோலா எங்கோ இருந்திருப்பார்கள். பத்துப் பேர் கணக்கை நினைவுகூருங்கள். ஆட்டம் நடக்க வேண்டுமென்பதற்காகவே அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தேடியதால் ஊர் கூடிற்று. யாக்கிகள் ஒரு மக்களாக எஞ்சியதால் ஆட்டம் எஞ்சியது என்று நூல்களில் எழுதுவார்கள். எனக்கோ அதைத் தலைகீழாகச் சொல்லத் தோன்றுகிறது.

இதில் ஈடுபடுவோர் கூலிக்கோ புகழுக்கோ ஈடுபடுவதில்லை. நம் ஊரில் நேர்த்திக்கடன் என்கிறோமே, அதுவேதான். குழந்தை நோயுற்றபோது தாய் நேர்ந்துகொண்டிருப்பாள்; பிழைத்த குழந்தை வளர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கோ வாழ்நாள் முழுமைக்கோ அந்தப் பணியைச் செய்யும். விழா எடுக்கும் வீட்டார் ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் உணவளித்துப் பேணுவர். ஞானத்தாய், ஞானத்தந்தை முறையிலான உறவுகள் ஊருக்கு ஊர் பின்னிக் கிடக்கும். அவ்வுறவுகளுக்கு எல்லைக்கோடு தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு டூசானில் தங்கியிருந்தபோது, பெரிய சனிக்கிழமையன்று பழைய பாஸ்குவாவுக்குச் சென்றேன். விருந்தினரை வேண்டாமென்று அவர்கள் தடுப்பதில்லை. ஆனால் படம் பிடித்தல் கூடாது, ஒலிப்பதிவு கூடாது, வரைதல் கூடாது, குறிப்பெடுத்தலும் கூடாது. வானொலிக்காரர்களுக்குச் சற்றுச் சங்கடமான விதிதான். அந்த நீர்ப் பறையின் ஒலியை இப்பேச்சின் நடுவே உங்களுக்குக் கேட்கச் செய்ய முடியாமைக்குக் காரணம் அதுவே. விதி நன்று என்றே நான் கருதுகிறேன். கையில் கருவி இல்லாதவன் கண்ணால் பார்க்கிறான்.

புழுதி பறக்கும் ஒரு வெளி. ஒரு கோடியில் கோயில். முன்புறம் முழுதும் திறந்திருந்தது. மறு கோடியில் பந்தல். தவக்காலம் முழுதும் கிறிஸ்துவைத் தேடிப் பிடிக்கும் பகைவர் கூட்டமாக நடித்து வந்தவர்கள், கோரமான முகமூடியோடு வரிசையாக நின்றார்கள். முகமூடி அணிந்திருக்கும்போது அவர்கள் பேசலாகாது. முகமூடிக்குள்ளே செபமாலையின் சிலுவையை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். தீமையின் வேடம் தம்மைப் பற்றிக்கொள்ளாதிருக்க அது காவல். மணி ஒலித்ததும் கோயிலை நோக்கிப் பாய்ந்தார்கள். கோயிலில் இருந்தவர்கள் எறிந்த படைக்கலம் யாது? மலர்கள், பச்சை இலைகள், வண்ணக் காகிதத் துணுக்குகள். பின்வாங்கினார்கள். மறுபடி பாய்ந்தார்கள். மானும் பாஸ்கோலாக்களும் கோயிலின் பக்கம் நின்று ஆடினார்கள். மூன்றாம் முறை பாய்ந்தபோது பகைமை தோற்றது. முகமூடிகளையும் மர வாள்களையும் கழற்றிக் குவியலில் எறிந்தார்கள், குவியல் எரிந்தது. வேடம் களைந்த ஆடவர்களை அவரவர் ஞானப் பெற்றோர் மேலாடையால் போர்த்து, ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குள் இட்டுச் சென்றார்கள். முழந்தாளிட்டிருந்த சிலருடைய தோள்கள் குலுங்கின. அன்றிரவு பந்தலில் மான் ஆடிற்று. அதன் காலடி ஓசையை நான் விவரிக்க முயலப்போவதில்லை.

அமெரிக்க அரசு இவர்களை எவ்வாறு கண்டது? நெடுங்காலம் காணவே இல்லை. எட்வர்டு ஸ்பைசர் என்ற மானிடவியலார் 1936-இல் பாஸ்குவாவில் குடியேறி, 1940-இல் அவ்வூரைப் பற்றி நூல் வெளியிட்டார். 1964-இல் மாரிஸ் யூடால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் டூசானுக்குத் தென்மேற்கே 202 ஏக்கர் நிலம் கிடைத்தது. நிலம் தந்த சட்டமே, பூர்வகுடிகளுக்குரிய சலுகைகள் இவர்களுக்கு இல்லை என்றும் கூறிற்று. இவர்கள் மெக்சிக்கோவின் அகதிகள். அமெரிக்கப் பூர்வகுடிகள் அல்லர் என்பது அன்றைய வாதம். ஊர்த் தலைவரும் சடங்குகளில் மூத்தவருமான அன்செல்மோ வலென்சியா இந்த வாதத்தை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடினார். எல்லைக்கோடு பிறப்பதற்கு முன்பே எங்கள் முன்னோர் இந்நிலத்தில் வந்து போயினர் என்பது யாக்கிகளின் மறுமொழி. 1978 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கா அவர்களைப் பூர்வகுடியாக ஏற்றது. சமயச் சடங்குகளைக் காக்கும் சட்டம் ஒன்றும் அதற்கு முந்திய மாதத்தில்தான் நிறைவேறியிருந்தது.

தெற்கே, மெக்சிக்கோவில் நடந்தது வேறு வகை. டியாஸ் வீழ்ந்தபின் பலர் யாக்கி ஆற்றங்கரைக்குத் திரும்பினார்கள். 1937-இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்டெனாஸ் ஆற்றின் வடகரை நிலத்தை அவர்களுடையதென்று ஏற்றார். 1940-இல் பிறந்த ஆணை, அங்கோஸ்துரா அணையில் தேங்கும் நீரில் பாதி வரை யாக்கிகளுக்கு என்று கூறிற்று. ஆணை ஏட்டில் இருந்தது; நீர் வேறு வழியே சென்றது. 1952-இல் கீழே இன்னோர் அணையும் எழுந்தது. கால்வாய்கள் புது நில உடைமையாளரின் கோதுமை வயல்களுக்குப் பாய்ந்தன. நமக்கு விதை வந்தது அந்த வயல்களிலிருந்துதான். கோதுமை இரண்டாம் முறை குறுக்கிட்டது இவ்வாறு. போர்லாக் மீது குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அணைகளைக் கட்டியவர் அவரல்லர். ஆனால் ஆறு யாக்கி ஊர்களை அடையும் முன்பே வறண்டது என்பதும் உண்மை. 2010-ஐ ஒட்டித் தலைநகர் எர்மொசியோவுக்குக் குழாய்வழி நீர் கொண்டுசெல்லும் திட்டமும் எழுந்தபோது, வீக்காம் ஊரில் யாக்கிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். நீர்ப் பறை கொட்டும் மக்களுக்கு நீர் இல்லை. 2021 செப்டம்பர் 28 அன்று அதே வீக்காமுக்கு மெக்சிக்கோவின் குடியரசுத் தலைவர் வந்து, பழைய கொடுமைகளுக்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

இதற்கிடையே சொனோரா மாநிலம் 1944-இல் தனக்கென ஒரு சின்னம் அமைத்துக்கொண்டது. அதில் ஒரு பக்கம் சுரங்கக் கருவி. ஒரு பக்கம் கோதுமைக் கதிர். நடுவே யார் தெரியுமா? மான் தலை சூடிய யாக்கி! எந்தக் குடியை வேரறுக்க அந்த மாநிலத்து ஆட்சியாளர்கள் முயன்றார்களோ, அதன் ஆட்டமே மாநிலத்தின் முத்திரையாகிவிட்டது. சுட்டுக் கொல்லப்பட்ட காஹெமேயின் பெயரை இன்று அப்பள்ளத்தாக்கின் பெரிய நகராட்சி தாங்கி நிற்கிறது. நகரத்தின் பெயரோ ஒப்ரெகோன். மெக்சிக்கோவின் ஆட்சியாளராக இருந்த ஒருவரின் பெயர் அது.

மேடையும் மானை எடுத்துக்கொண்டது. அமாலியா எர்னாண்டஸ் 1952-இல் நிறுவிய மெக்சிக்க நாட்டுப்புற நடனக் குழு, மானாட்டத்தை உலக நகரங்களிலெல்லாம் காட்டிப் புகழ் பெற்றது. அந்த நடனத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆடுகிறவரின் உடற்பயிற்சி வியக்கத்தக்கது. ஆனால் அங்கே மான் தனி நாயகன், சில நிமிடங்களில் வேடரின் அம்புபட்டு விழுந்து இறக்கிறது, அரங்கம் கைதட்டுகிறது. யாக்கிப் பந்தலில் யாரும் கைதட்டுவதில்லை. வேட்டையை நடித்துக் காட்டும் சடங்கு அவர்களிடமும் உண்டு. அது அதற்குரிய நாளில் நடக்கும். மற்ற இரவுகளில் மான் சாவதற்காக வருவதில்லை. மேடை மானுக்கு நாடு உண்டு, கடவுச்சீட்டு உண்டு, சுங்கச் சாவடியில் தடையில்லை. பந்தல் மானின் நிலை வேறு.

அரிசோனாவின் இளைஞர்கள் இன்று ஆங்கிலம் பேசி வளர்கிறார்கள். பாட்டின் பழஞ்சொற்களை அறிந்த முதியோர் பெரும்பாலும் தெற்கே, ஆற்றங்கரை ஊர்களில். பெலிப்பே மொலினா என்ற யாக்கிப் பாடகரும் லாரி ஈவர்ஸ் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1987-இல் மான் பாட்டுகளைப் பற்றி அரிய நூலொன்று வெளியிட்டார்கள். மொலினா அரிசோனாக்காரர். பாட்டைத் தேடித் தெற்கே போனவர். அவர் போவது எளிது. தெற்கிலிருந்து பாடகர் வடக்கே வருவதுதான் அரிது. அமெரிக்க நுழைவுச் சீட்டுக் கேட்பவரிடம் சம்பளச் சான்று எங்கே, வங்கிக் கணக்கு எங்கே, சொத்து எங்கே என்று கேட்பது முறை. ஊரின் பொதுநிலத்தில் சோளம் பயிரிட்டு, மானுக்குப் பாடுவதையே வாழ்வாகக் கொண்ட கிழவர் எதைக் காட்டுவார்? அவர் வராவிட்டால் பத்துப் பேரில் ஒருவர் குறைவு.

பொருள்களுக்கும் இதே பாடு. கால்சரத்துக்கு வேண்டிய பூச்சிக் கூடுகள் சொனோராவின் முட்காடுகளில் கிடைக்கின்றன. மான் தலை, குளம்புக் கச்சை, முகமூடி ஆகியவற்றை எல்லைச் சாவடியில் பிரித்துக் கையாளுகிறார்கள் என்பது பூர்வகுடிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் குறை. சோதிப்பவருக்கு அது விலங்கின் தோல், பூச்சியின் எச்சம். கொண்டுவருபவருக்கோ, பிறர் கை படக்கூடாத பொருள். வட எல்லையில், கனடாவிலிருந்து வரும் பூர்வகுடியினருக்கு 1794-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாகத் தடையற்ற போக்குவரத்து உரிமை இருக்கிறது. தென் எல்லையில் டெக்சாஸின் கிக்காப்பூ மக்களுக்கு 1983-இல் தனிச் சட்டம் வந்தது. யாக்கிகளுக்கு அப்படியொரு சட்டம் வாய்க்கவில்லை. 2010-இல் அரிசோனா யாக்கிகள் எல்லையில் செல்லத்தக்க தங்கள் சொந்த அடையாள அட்டையை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளுள் அதனை முதலில் செய்தவர்கள் அவர்களே. அட்டை வடக்கே உள்ளவருக்குப் பயன்படும். தெற்கே உள்ள பாடகருக்கு உதவாது. சடங்குக்கு வருவோருக்கென நிலையான விதி ஒன்று வேண்டும் என்று அவர்கள் அமெரிக்க அரசிடம் கேட்டு வருகிறார்கள்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகர அருங்காட்சியகம் ஒன்றில், 1930-களில் மெக்சிக்கோவில் சேகரித்த யாக்கிப் பொருள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, சடங்கில் பயன்பட்ட மான் தலை. யாக்கிப் பெண்மணி ஒருவர் 2003-இல் அங்கே அதைக் கண்டார். எல்லைக்கு இருபுறமும் உள்ள யாக்கிகள் அதனைத் திருப்பிக் கேட்டார்கள். கடிதங்கள் நடந்தன, ஐக்கிய நாடுகள் அவையின் பூர்வகுடி உரிமைக் குழு இடைநின்று பேசிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2022-இல், சுவீடன் இசைந்தது. மான் தலை பெட்டியில் வைத்து முத்திரையிடப்பட்டு, அட்லாண்டிக் கடலைத் தாண்டி மெக்சிக்கோவுக்குத் திரும்பியது. வீக்காமிலிருந்து டூசானுக்குத் தரைவழியே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அந்த வழியில் வரவேண்டிய பாடகர்கள், தவக்காலம் பிறக்கும்போதெல்லாம், இசைவுக் கடிதம் வந்ததா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.